ஏன் என்று கேட்காத அக்கா

“…அதுக்கு மேல ஒரு சொல்லு வேணாங்க. யாரு கேட்டாலும் ‘எங்க வீட்டுப் புள்ள’ன்னு சொல்லுங்க. அதோட நிப்பாட்டிக்கங்க” என்றார் அக்கா. சைக்கிள் கரியரில் ஒரு பாய், ஒரு கேத்தில், ஒரு தகரப்பெட்டி. மூன்றையும் சேர்த்துப் பழைய ரப்பர் ரியூப் துண்டால் இறுக்கிக்கொண்டே சொன்னார்.

தை மாதத்தில், மழை விட்டிருந்த ஒரு காலை. விசுவமடுவுக்கு இந்தப் பக்கம், கால் வைக்க இடமில்லாமல், சண்டைக்குத் தப்பிச் சனம் கிழக்கே போய்க்கொண்டிருந்தது. அக்காவின் வீட்டுக்காரரும் மாமியாரும் ஏறியிருந்த உழவு இயந்திரம் மெல்ல நகரத் தொடங்கிவிட்டது. நானும் என் தமக்கையின் மகளும் ஒரு பாலை மரத்தடியில் நின்றோம். அவளுக்கு அப்போது பதினாறு வயது. என் தையல் மெசினின் தலை மட்டும் சாக்குக்குள் என் காலடியில் கிடந்தது. மேசையையும் காலையும் வீட்டிலேயே விட்டுவிட்டு வந்தேன்.

அந்தச் சொல்லுக்குப் பிறகு அக்கா என்ன செய்தார் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். ஆனால் அக்கா ஆர் என்று தெரியாமல் அதைச் சொன்னால் அதில் ஒன்றும் இருக்காது.

எங்கள் ஊர் கண்டாவளைப் பக்கம். வயலும் பற்றையும், வீட்டுக்கு வீடு கூப்பிடு தூரம். அக்கா அங்கே மலேரியாக் காய்ச்சலுக்கு இரத்தம் எடுக்கிறவர். சைக்கிளில் வீடு வீடாக வருவார். காய்ச்சல் என்று படுத்திருப்பவரின் இடக்கை மோதிர விரலில் ஒரு குத்து. வந்த துளியைக் கண்ணாடித் துண்டில் தேய்த்துக் காயவைத்துப் பெட்டியில் அடுக்குவார். நாலு நாள் கழித்து முடிவோடு வருவார், குளிசையோடும் வருவார். மலைநாட்டிலிருந்து கலவரத்தில் அடிபட்டு வந்து குடியேறிய குடும்பம் அவருடையது. தாயின் இடுப்பில் வந்திறங்கியவர், எங்கள் குளத்துத் தண்ணீரைக் குடித்துத்தான் வளர்ந்தார். ஆனாலும் வீட்டுப் பேச்சை விடவில்லை. நாங்கள் நுளம்பு என்றால் அவர் கொசு என்பார். பிள்ளைகள் அவருக்குக் ‘கொசு அக்கா’ என்று பெயர் வைத்தார்கள். பிறகு பெரியவர்களும் அப்படியே கூப்பிட்டார்கள். அவரும் அதற்கே திரும்பிப் பார்த்தார்.

பக்கத்து வீட்டு மனுசி அவரைக் கண்டால் விடமாட்டாள். “வந்திட்டா, இரத்தம் குடிக்க.”

“குடிக்கிறதுக்கு ஒங்ககிட்ட ரத்தம் எங்கங்க இருக்கு? குத்துனா வெறுந் தேத்தண்ணியில்ல வருது” என்பார் அக்கா. சொல்லிக்கொண்டே அவளுடைய விரலையும் குத்திவிடுவார்.

எனக்கு ஆட்களின் சொல் என்றால் ஆசை. சட்டைக்கு அளவெடுக்கிற கொப்பியின் பின்பக்கத்தில், ஆர் என்ன நல்ல சொல் சொன்னாலும் எழுதிவைப்பேன். எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். படித்ததெல்லாம் ஆட்களின் வாயிலிருந்துதான். அந்தக் கொப்பியில் அக்காவின் சொற்கள்தான் அதிகம் இருந்தன. கொப்பி போய்விட்டது. சொற்கள் போகவில்லை.

அவரிடம் ஒரு பழக்கம். ‘ஏன்’ என்று ஒருவரையும் கேட்கமாட்டார். குடிகாரனைப் பார்த்து ஏன் குடிக்கிறாய் என்று கேட்டதில்லை. மருமகளோடு கோபித்துக்கொண்டு கோயிலடியில் போய்ப் படுத்த கிழவனைப் பார்த்து ஏன் இங்கே படுத்திருக்கிறாய் என்று கேட்டதில்லை. எதற்கும் ‘எப்ப’ என்றுதான் கேட்பார். எப்ப தொடங்கிச்சு? எப்ப கூடுது? எப்ப விடுது? காலையிலயா, பொழுது படுறப்பவா? ஒருநாள் விட்டு ஒருநாளா?

“காய்ச்சலுக்கும் ஒரு மணிக்கூடு இருக்குங்க” என்பார். “அது வர்ற நேரம் தெரிஞ்சாப் பாதி நோயப் புடிச்ச மாதிரி.”

ஒருநாள் நானே கேட்டேன், ஏன் அக்கா நீங்கள் ஏன் என்று கேட்பதில்லை என்று. சிரித்தார்.

“ஏன்னு கேட்டா ஆளு அப்புக்காத்து மாதிரி வாதாட ஆரம்பிச்சுரும். இல்லாட்டி வாய மூடிக்கும். எப்பன்னு கேட்டா பாவம், யோசிச்சு நாளச் சொல்லும்.”

இனி என் பக்கத்தைச் சொல்ல வேண்டும்.

சுனாமியாகக் கடல் வந்து போன வருடம் என் தமக்கை முல்லைத்தீவுக் கரையில் போனாள். அவளுடைய மனுசனும் சின்னவனும் போனார்கள். மிஞ்சினது ஒரு பிள்ளை. பன்னிரண்டு வயது. கலியாணம் செய்யாமல் தையலோடு இருந்த நான்தான் அவளைக் கூட்டிவந்தேன். ‘சின்னம்மா’ என்று கூப்பிடுவாள். அதிகம் கதைக்கமாட்டாள். சட்டைகளுக்குப் பொத்தான் தைத்துத் தருவாள். நான் மெசினை மிதிக்கிற சத்தத்தில் நித்திரையாவாள். பிள்ளை தேறுகிறாள் என்றுதான் நினைத்தேன்.

அவளுக்குப் பதின்மூன்று முடிந்த வருடம், பள்ளிக்கூடச் சட்டைக்குக் கையை மணிக்கட்டு வரை நீளமாக வைத்துத் தரச் சொன்னாள். வைத்துக் கொடுத்தேன். அடுத்த கிழமை அவள் வகுப்புப் பிள்ளை ஒருத்தி வந்து அதே மாதிரிக் கேட்டாள். பிறகு பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் மூன்று பேர். பிறகு ஒரு பொடியன், முழுக்கைச் சட்டைக்கு. வன்னி வெயிலில் எவன் முழுக்கை போடுவான் என்று நான் யோசிக்கவில்லை. சண்டை ஓய்ந்து வன்னிப் பாதை திறந்திருந்த காலம். யாழ்ப்பாணத்திலிருந்து ஏதோ புதுப் பாஷன் வந்திருக்கிறது என்று நினைத்தேன். என் வெட்டு ஊரெல்லாம் பரவுகிறது என்று எனக்குள் ஒரு பெருமையும் வந்தது. கைமுனையில் இரண்டு பொத்தான் வைத்து, இறுக்கமாக, வடிவாகத் தைத்தேன். எத்தனை கவனமாக நான் அதை மூடித் தைத்தேன் என்று இப்போதும் சில நாட்களில் என் விரல்கள் கனக்கும்.

அந்த வருடம் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தது. அக்கா வந்து விரலைக் கேட்டார். பிள்ளை விரலை நீட்டினாள். ஆனால் சட்டைக் கையின் நுனியை உள்ளங்கைக்குள் பொத்திப் பிடித்துக்கொண்டு நீட்டினாள். அக்கா குத்தினார், துளியை எடுத்தார், பஞ்சை வைத்தார். கையை உடனே விடவில்லை.

“இந்தக் கை சுடுதே புள்ள. சட்டையக் கொஞ்சம் மேல ஏத்தட்டுமா? வேணாம்னா வேணாம்.”

அக்கா காத்திருந்தார். பிறகு பிள்ளையே பொத்தானைக் கழற்றினாள்.

நான் பார்த்தேன். கோடுகள். ஆறியவையும் ஆறாதவையும். அவை தானாக வந்தவை இல்லை என்று கண்டவுடனே தெரிந்தது. எனக்கு என்ன வந்ததென்று தெரியாது. துணி அளக்கிற மரக் கோலை எடுத்தேன்.

“ஏனடி? ஏனடி இப்பிடிச் செய்தனி? உனக்கு நான் என்ன குறை வைச்சனான்? ஊர் என்ன சொல்லும்?”

அக்கா எழும்பி எனக்கும் பிள்ளைக்கும் நடுவில் வந்து நின்றார். சத்தம் போடவில்லை.

“அடிங்க. ஆனா ஒண்ணு கேக்குறேன். கொசு கடிச்சவனப் புடிச்சு அடிச்சா ஊருல கொசு கொறையுமா?”

கோலைக் கீழே விட்டேன். அடித்திருந்தாலும் அவர் தடுத்திருக்கமாட்டார் என்றே எனக்குத் தோன்றியது. அடியை வாங்கிக்கொண்டு அங்கேயே நின்றிருப்பார். அக்கா பெட்டியைத் திறந்து, முகம் சுளிக்காமல், சிரங்குக்கு மருந்து போடுவது போல அந்தக் கையைத் துடைத்து மருந்து பூசினார். பூசிக்கொண்டே கேட்டார்.

“எப்ப வரும் ஒனக்கு? காலையிலயா, பொழுது படுறப்பவா?”

“ஆக்கள் போனாப் பிறகு” என்றாள் பிள்ளை. எனக்கு அது விளங்கவில்லை. அக்காவுக்கு விளங்கியதா என்று அவர் முகத்தில் தெரியவில்லை.

போகும்போது படலையில் நின்று அக்கா என்னைக் கேட்டார்: “இந்த வருசம் நீளக் கை எத்தனை தைச்சீங்க?”

“ஆறு” என்றேன். அன்றைக்குத்தான் அவற்றை எண்ணிப் பார்த்தேன்.

யார் யார் என்று அவர் கேட்கவில்லை. “ஆறுன்னா ஒரு வீட்டுப் பிரச்சினை இல்லீங்க இது” என்று மட்டும் சொன்னார். “ஊருல மலேரியாக் காய்ச்சல் இப்ப கொறைஞ்சு போச்சு. அதனாலதான் கண்ணுக்கு வேற தெரியுது. ஒரு வளவுல ஒருத்தனுக்குக் காய்ச்சல்னா அவன் தலைவிதிம்பாங்க. ஒரே ரோட்டுல ஆறு பேருக்குன்னா, தண்ணி எங்க நிக்குதுன்னு பாக்கணும்.”

அந்த நாட்களில் இதை ஆரிடம் சொல்வது? பக்கத்து வீட்டு மனுசி மணந்து பிடித்துவிட்டு, “பெட்டைக்கு ஆரும் பொடியன் இருக்கிறானோ, விசாரிச்சுப் பார்” என்றாள். பிறகு, “கண்ணூறு, நூல் கட்டு” என்றாள். நூலும் கட்டினேன். அக்கா தன் மேலாளரிடம் சொல்லிப் பார்த்தார். அவர் கெட்ட மனுசன் இல்லை. படிவத்தைத் தூக்கிக் காட்டி, “இதில அதுக்குக் கட்டம் இல்லையே பிள்ளை, நான் எங்க போட?” என்றாராம்.

“கட்டம் இல்லாததுக்கு ஆளும் இல்லைன்னு ஆயிருமாங்க?” என்று எனக்குத்தான் வந்து கேட்டார்.

அதற்குப் பிறகு அக்கா ஒரு பிழை விட்டார். பிழை என்று அவரே சொன்னதால் நானும் சொல்கிறேன். பள்ளிக்கூடத்து அதிபரிடம் போனார். பெயர் சொல்லவில்லை. ‘ஆறு ஏழு புள்ளைங்க மனசு சரியில்லாம இருக்குதுங்க, அடிக்காதீங்க, யாராவது ஒரு டீச்சர் பக்கத்துல இருந்து பேசட்டும்’ என்று மட்டும் கேட்டார். அதிபர் பதறிப்போனார். மறுநாள் காலைக் கூட்டத்தில் எல்லாப் பிள்ளைகளையும் வரிசையில் விட்டு, “கையை மேல மடியுங்கோ” என்றார். கண்டுபிடித்தால் திருத்திவிடலாம் என்று அந்த மனுசன் நம்பினார்.

என் பிள்ளை மடித்தாள். வீட்டுக்கு வந்து ஒன்றும் சொல்லவில்லை. மற்றப் பிள்ளைகள் வந்து சொன்னார்கள். அந்தக் கிழமையோடு இரண்டு பிள்ளைகள் பள்ளிக்கூடத்தை விட்டார்கள். அந்த முழுக்கைப் பொடியன் ஒட்டுசுட்டானில் மாமன் வீட்டுக்குப் போனான் என்றார்கள்.

அக்கா என் வீட்டுக்கு வந்து கதிரையில் இருக்காமல் நிலத்தில் இருந்தார். “எண்ணிக்கையச் சொன்னேன், ஆளக் காட்டிக் குடுத்துருச்சு” என்றார். “சின்ன ஊருல ‘ஆறு’ங்கிறதும் ஒரு பேருதாங்க. நான் யோசிக்கல.”

பிறகு அவர் செய்தது இதுதான். அந்த வீடுகளுக்கெல்லாம் போனார். மன்னிப்பும் கேட்கவில்லை, புத்தியும் சொல்லவில்லை. தகப்பன், தாய், கிழவி, கைக்குழந்தை என்று எல்லாருடைய விரலையும் குத்தி இரத்தம் எடுத்தார். அந்த வரிசையில் அந்தப் பிள்ளையும் ஒருத்தி. அவ்வளவுதான். கிழமைக்கு ஒருதரம் போனார். மூன்றாம் நாலாம் தரம் பிள்ளைகள் தாமாகவே படலையில் நின்றார்கள். “கொசு அக்கா, இண்டைக்கு என்ர விரலைக் குத்தேல்லையோ?” என்று ஒருத்தி கேட்டாளாம். அதைச் சொல்லும்போது அக்காவின் கண் கலங்கியது. நான் அதைக் கொப்பியில் எழுதினேன்.

என் பிள்ளையோடு அவர் செய்த வேலை வேறு. கோயில் தந்த மாதக் கலண்டரைப் பிள்ளையின் மூலையில் கொழுவினார். ஒரு பென்சிலைக் கொடுத்தார். “வந்த அன்னைக்கு ஒரு புள்ளி வை. வந்தும் நீ ஒண்ணும் செய்யாம விட்டா அதுக்கு ஒரு வட்டம் போடு. யாருக்கும் காட்டத் தேவையில்ல. சின்னம்மா பாக்கமாட்டாங்க” என்றார். என்னைப் பார்த்துத்தான் அந்தக் கடைசிச் சொல்லைச் சொன்னார்.

எனக்கும் கட்டளைகள் இருந்தன. கத்தரிக்கோலையும் கூரான சாமான்களையும் பூட்டச் சொன்னார். “பூட்டுங்க, அது நல்லது. ஆனா பூட்டோட நின்னுறாதீங்க. பூட்டுக்கு அந்தப் பக்கமும் ஒரு புள்ள இருக்கு.” மாலைப் பொழுதில் பிள்ளை மூலைக்குப் போனால் நானும் பின்னாலே போய், ஒன்றும் கேட்காமல், பட்டாணி உரிக்கிறதோ நூல் சுற்றுகிறதோ ஏதாவது கைவேலையோடு பக்கத்தில் இருக்க வேண்டும். “பேச வேணாம். ஒங்க பேச்சு நல்ல பேச்சுதான். அந்த நேரத்துக்கு வேணாம்.” கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்கு மாதத்துக்கு ஒருமுறை மனநோய்க்குப் பார்க்கிற டொக்டர் வருவார். அக்கா எங்கள் இரண்டு பேரையும் பஸ்ஸில் கூட்டிப்போனார். பக்கத்து வீட்டு மனுசி, “விசர் டொக்டரிட்டயோ?” என்று வாயில் கை வைத்தாள். அக்கா சொன்னார், “பல்லு வலிச்சாப் பல்லு டாக்டர்கிட்டதான போறீங்க? அதுக்காக ஒங்களப் பல்லுன்னா கூப்பிடுறோம்?” டொக்டர் நல்ல மனுசன். பிள்ளையோடு தனியாக இருந்து கதைத்தார். இரண்டு மாதம் போனோம். பிறகு பாதை மூடியது, டொக்டரும் வரவில்லை. மீண்டும் எங்களிடம் மிஞ்சியது அக்காவும் அந்தக் கலண்டரும்.

அந்தக் கலண்டர் எனக்குத் திறந்து காட்டியதைத்தான் நான் எழுதப் பயந்தேன்.

பாதை மூடுவதற்கு முன்னர் ஒருநாள் பின்னேரம், பிள்ளை கோயிலுக்குப் போயிருந்தாள். அக்கா வந்தார். பிள்ளையிடம் கேட்டு, அவள் ஓம் என்ற பிறகுதான் கலண்டரை எடுத்ததாக முதலில் சொன்னார். மடியில் விரித்து வைத்தார். “ஒங்களுக்கு நாளு நல்லா ஞாபகம் இருக்குமே” என்றார். இருக்கும். நான் நாட்களைத் துணியால் ஞாபகம் வைக்கிறவள். எந்த நாள் சொன்னாலும் அன்றைக்கு ஆருடைய சட்டை மெசினில் இருந்தது என்று சொல்வேன்.

“பன்னெண்டாந் தேதி. அன்னைக்கு வீட்டுல என்னாங்க?”

“பன்னிரண்டு… வாத்தியார் வீட்டுப் பிள்ளையின்ர பாவாடை. பின்னேரம் மாங்குளத்தில இருந்து சொந்தக்காரர் வந்தவை. தமக்கையின்ர அலுவல் விசாரிக்க.”

“பத்தொம்பது?”

“சங்கக்கடை மனேச்சரின்ர மனுசியின்ர பிளவுஸ். அண்டைக்கு… கொழும்பில இருந்து மச்சாள் வந்தவா. பாதை திறந்தாப் பிறகு முதல் தரம் வந்தவா. விசாரிக்கத்தான்.”

“இருவத்தி மூணு?”

இருபத்து மூன்றாம் திகதி மெசினில் என்ன இருந்தது என்று எனக்கு நன்றாகத் தெரியும். அன்றைக்கும் விசாரிக்க ஆட்கள் வந்திருந்தார்கள்.

எங்கள் பக்கத்துப் பழக்கம் இது. செத்தவீட்டுக்கு விசாரிக்க வருகிறவருக்கு, நடந்ததை முதலிலிருந்து சொல்ல வேண்டும். ஆயிரம் பேருக்குச் சொல்லியிருந்தாலும் ஆயிரத்தோராவது ஆளுக்கும் தொடக்கத்திலிருந்து சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் மரியாதை இல்லை. வந்தவரும் அழாமல் போகக்கூடாது. எனக்குக் கதை சொல்ல நன்றாக வரும். தமக்கை போன கதையை நான் சொல்லத் தொடங்கினால் ஆண்களும் முகத்தைத் திருப்புவார்கள். கதையின் நடுவில் ஒரு வசனம் இருந்தது. அந்த இடத்தில் எல்லாரும் “ஐயோ” என்று வாயைப் பொத்துவார்கள். அந்த வசனம் பிள்ளையைப் பற்றியது. அந்த நேரத்தில் பிள்ளை என்ன செய்தாள், என்ன செய்யவில்லை என்பதைப் பற்றியது. அது எனக்கு ஆரும் சொன்னதில்லை. நான் பார்த்ததுமில்லை. சொல்லிச் சொல்லி ஒரு நாள் அது கதைக்குள் தானாக வந்து இருந்துகொண்டது. ஆட்கள் அழுதார்கள், அதனால் அதை வைத்துக்கொண்டேன்.

முதல் வருடம் ஊர்ச்சனம் வந்தது. பாதை திறந்திருந்ததால் அதற்குப் பிறகும் தூரத்துச் சொந்தங்கள் வந்தபடியே இருந்தார்கள். ஒவ்வொரு முறையும் பிள்ளை பிளேன்ரீ கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போவாள். தட்டிக்கு அந்தப் பக்கம் நின்று கேட்பாள். ஆட்கள் போவார்கள். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு மெசினுக்குத் திரும்புவேன்.

அந்த வசனத்தை நான் இங்கே எழுதவில்லை. இனி எங்கேயும் எழுதமாட்டேன்.

அக்கா என்னைக் குற்றம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் வாதாடியிருப்பேன். கலண்டரைச் சுருட்டி நூல் போட்டுக் கட்டினார். பிறகு, “ஒங்களுக்கு அக்கா இல்ல அது? செத்தது?” என்றார். “நீங்க எப்பங்க அழுதீங்க? ஆளுங்க இல்லாதப்ப?”

யோசித்துப் பார்த்தேன். ஒரு நாளும் இல்லை. கதையோடுதான் அழுதிருக்கிறேன்.

“அழணும்னா எங்க வீட்டுக்கு வாங்க. கதைய எடுத்துட்டு வராதீங்க, சும்மா வாங்க.”

போனேன். அவருடைய குசினி வாசலில் இருந்து நான் அழ, அவர் சுளகில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். ஒரு முறையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. அந்த அரிசிச் சத்தம் நிற்காதது எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்று அவருக்குச் சொல்லவேயில்லை.

நான் கதையை நிறுத்தினேன். பிள்ளை உடனே தேறிவிட்டாள் என்று சொன்னால் பொய். புள்ளிகள் குறைந்தன, வட்டங்கள் கூடின. ஒரு முழு மாதம் வெறுமையாக இருந்தபோது அக்கா அவளுக்கு ஒரு சோடி வளையல் வாங்கிவந்தார். அடுத்த மாதம் திரும்ப ஒரு புள்ளி. நான் இடிந்துபோனேன். “நிக்கிற நோய் ஒரே நாளுல நிக்காதுங்க. திரும்ப வந்தா, தோத்துப் போச்சுன்னு அர்த்தமில்ல. இன்னும் பாத்துக்கிட்டு இருக்கணும்னு அர்த்தம்” என்றார்.

ஆனால் கடல் வந்த அந்த நாளைப் பற்றிப் பிள்ளை ஒரு சொல்லும் சொல்லவில்லை. என் கதை நின்ற பிறகும் அது அவளுக்குள் நான் சொன்ன மாதிரியே கிடக்கிறதோ என்ற பயம் எனக்கு. அவளிடம் கேட்கவும் வாயில்லை. பொய்யைக் கட்டினவள் எந்த முகத்தோடு உண்மையைக் கேட்பது? அக்காவிடம் சொன்னேன். “ஒரு நாளைக்குச் சொல்லும். ஒங்ககிட்டயா எங்கிட்டயான்னு தெரியாது. அன்னைக்கு யாராவது ஒருத்தர் சும்மா இருக்கணும். அவ்வளவுதான்” என்றார்.

பிறகு சண்டை திரும்பியது. வளர்ந்த பிள்ளைகளைச் சண்டைக்குக் கூட்டிக்கொண்டுபோன காலம் வந்தது. பிள்ளை வைத்திருந்த வீடுகளில் ஆரும் சத்தமாக இருமவும் பயந்தார்கள். அக்கா அப்போதும் பெட்டியோடு வந்தார். குளிசை தீர்ந்திருந்தது, கண்ணாடித் துண்டும் தீர்ந்திருந்தது, வெறும் பெட்டியோடு வந்தார். எந்த வீட்டில் இந்த நோய் கூடுகிறது என்று கேட்டேன். “இப்ப எந்த வீட்டுல தண்ணி நிக்கலைன்னு கேளுங்க. ஊரே குளமாப் போச்சு” என்றார். அந்தச் சொல்லைக் கொப்பியில் எழுத எனக்குக் கை வரவில்லை.

விசுவமடுவில் அன்று பிரிந்த பிறகு அக்காவை நான் காணவில்லை. சண்டை முடிந்து வவுனியாவில் முட்கம்பி முகாமுக்குள் இருந்த மாதங்களில் தேடினேன். ஒலிபெருக்கியில் பெயர் சொல்லி ஆட்களைக் கூப்பிடுகிற இடத்துக்குப் போனேன். அங்கிருந்த தம்பி பேனையை எடுத்துக்கொண்டு, “பேர் என்ன, அம்மா?” என்றான். அப்போதுதான் தெரிந்தது, எனக்குப் பெயர் தெரியாது. வருடக்கணக்காக எங்கள் வீட்டுக்கு வந்த ஆள். இரண்டு சட்டைக்கு அளவெடுத்திருக்கிறேன். அளவுக் கொப்பியிலும் ‘கொசு அக்கா’ என்றுதான் எழுதியிருந்தேன். அதையே சொன்னேன். அவன் சிரிக்கவில்லை. “கொசு அக்கா, எங்கிருந்தாலும் வரவும்” என்று இரண்டு தரம் கூப்பிட்டான். பதினாறு பதினேழு வயதுப் பெட்டைகள் மூன்று பேர் வெவ்வேறு கூடாரங்களிலிருந்து ஓடிவந்தார்கள். அவர் வரவில்லை.

இன்றைக்கும் சைக்கிள் கரியரில் தகரப்பெட்டி கட்டின ஆரைக் கண்டாலும் நான் முகத்தைப் பார்க்காமல் விடுவதில்லை.

பிள்ளை இப்போது வளர்ந்த பொம்பிளை. இதை எழுதவா என்று கேட்டேன். “அக்காவைப் பற்றி எழுதுங்கோ. நான் என்ன சொன்னனான் எண்டு எழுதாதேங்கோ” என்றாள். அவள் சொன்னது எனக்குத் தெரியாது. அது இப்படித்தான் நடந்தது.

அந்தக் காலையில், பாலை மரத்தடியில், நாங்கள் நின்ற இடத்துக்குப் பக்கத்தில் முன்பின் தெரியாத ஒரு மனுசி மூட்டையை இறக்கி வைத்தாள். மூச்சு வாங்கிக்கொண்டு பிள்ளையைப் பார்த்தாள். எங்கே போனாலும் எங்கள் சனம் கேட்கிற கேள்வியைத்தான் கேட்டாள்: “இது ஆற்ற பிள்ளை? தாய் தேப்பன் எங்கை?”

அதற்கு என் வாய் தானாகத் திறந்ததைக் கண்டுதான் அக்கா அந்தச் சொல்லைச் சொன்னார், நான் முதலில் எழுதியதை. நான் மூடிக்கொண்டேன். “எங்கட வீட்டுப் பிள்ளை” என்றேன். மனுசி தலையாட்டிவிட்டு மூட்டையைத் தூக்கிக்கொண்டு சனத்துக்குள் போய்விட்டாள்.

அக்கா சைக்கிளைத் தள்ளத் தொடங்கினார். உழவு இயந்திரம் ரோட்டு வளைவுக்குப் போய்விட்டது. அவருடைய மாமியார் மேலே இருந்து கையைக் காட்டிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். மேற்கே ஷெல் விழுகிற சத்தம் முந்திய நாளைவிடக் கிட்டக் கேட்டது. அக்கா நாலு அடி வைத்திருப்பார்.

“அக்கா” என்றாள் பிள்ளை.

அக்கா திரும்பினார்.

“அது சின்னம்மா சொல்லுற மாதிரி நடக்கேல்லை.”

நாலு வருடத்தில் முதல் முறை. அக்கா வளைவைப் பார்த்தார். பிறகு பிள்ளையைப் பார்த்தார். சைக்கிளை ரோட்டோரமாக உருட்டிக்கொண்டு வந்து ஸ்டாண்டில் விட்டார். கரியரில் அத்தனை இறுக்கிக் கட்டியிருந்த ரியூப்பை அவிழ்த்து, பாயை எடுத்து ஈரநிலத்தில் விரித்தார். பிள்ளையை இருத்தி, தானும் முன்னால் சப்பணம் கட்டி இருந்தார், முழுநாளும் தன்னுடையது மாதிரி. பிறகு நிமிர்ந்து, என்னைத் தள்ளிப் போகச் சொல்லிக் கையைக் காட்டினார்.